தெருக்கோடி வீட்டு ஆக்ஸிஜன்

வெளிச்சத்தைக் கூட்டினால் கான்ஸர் செல்கள் குறைவாகச் சாகின்றன. வெளிச்சத்தை மங்கலாக்கி, நிதானமாக, கூடுதல் நேரம் காட்டினால் அதிகமாகச் சாகின்றன. மொத்தத்தில் செலவான வெளிச்சம் இரண்டு தடவையும் ஒரே அளவுதான்.

அச்சுப் பிழை இல்லை, ஸார். சந்தேகமிருந்தால் மறுபடி ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

'ஃபோட்டோடைனமிக் தெரபி' என்று ஒரு வைத்தியம். சுருக்கமாக பி.டி.டி. (கேட்பதற்குத் தனியார் பஸ் கம்பெனி மாதிரி இருந்தாலும் நிஜமாகவே வைத்தியம்தான்.) ஒரு மருந்தை ரத்தத்தில் ஏற்றுகிறார்கள், அல்லது தோலில் களிம்பாகத் தடவுகிறார்கள். இருட்டில் அந்த மருந்து பரம சாது. அது கட்டியில் போய்த் தங்கின பிறகு, அதன்மேல் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினால் விஷயம் மாறுகிறது. மருந்து வெளிச்சத்தை விழுங்கி, கிடைத்த சக்தியைப் பக்கத்திலிருக்கும் ஆக்ஸிஜன் தலையில் கட்டிவிடுகிறது. அதுவரை நல்ல பிள்ளையாக இருந்த ஆக்ஸிஜன், 'சிங்லெட் ஆக்ஸிஜன்' என்கிற ரௌடியாக மாறி, கைக்கு எட்டினதையெல்லாம் அடித்து நொறுக்குகிறது. இந்த ரௌடியின் ஆயுசு ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிறந்த செல்லின் காம்பவுண்டைத் தாண்டுவதற்குள் ஆட்டம் க்ளோஸ். வெளிச்சம் படாத இடத்தில் சேதம் இல்லை என்பது இதில் உள்ள சௌகரியம்.

ஆக மருந்து, வெளிச்சம், ஆக்ஸிஜன் என்று மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் கூடவேண்டும். ஒருத்தர் லீவு போட்டாலும் வேலை நடக்காது.

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு மாணவர். ம்யூனிக் நகரத்தில் பேராசிரியர் டாப்பைனரிடம் வேலை செய்துகொண்டிருந்த ஆஸ்கர் ராப். அக்ரிடின் என்கிற சாயத்தை பாரமீசியம் என்ற ஒரு செல் ஜந்துவின் மேல் விட்டு, எவ்வளவு நேரத்தில் சாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதே சாயம், அதே அளவு, அதே ஜந்து. ஆனால் ஒருநாள் சீக்கிரம் சாகிறது. இன்னொரு நாள் சாவகாசமாகச் சாகிறது. 'சரியாகக் கலக்கவில்லை போலிருக்கிறது' என்று நோட்டில் எழுதிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருக்கலாம். ராப் போகவில்லை. தாமதமான நாளில் வெளியே இடியும் மழையுமாக இருட்டிக்கிடந்தது என்பதைக் கவனித்தார் என்று சொல்வார்கள். சாயம் மட்டும் கொல்லவில்லை, கூட வெளிச்சமும் வேண்டும் என்று 1900-ல் எழுதினார். ஆக்ஸிஜனும் வேண்டும் என்பதை டாப்பைனரும் யோட்ல்பவுவரும் 1904-ல் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது ஆளின் பெயர் அப்போதே எஃப்.ஐ.ஆரில் வந்தாயிற்று. ஆனால் அவர் கணக்கை யாரும் உருப்படியாக எழுதவில்லை. அதற்கு இன்னும் எண்பத்தேழு வருஷம் ஆயிற்று.

நடுவில் ஃப்ரீட்ரிக் மேயர்-பெட்ஸ் என்று ஒரு ஜெர்மன் டாக்டர். 1912-ல் இந்த ஜாதி மருந்து ஒன்றை 200 மில்லிகிராம் எடுத்துத் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு வெயிலில் போனார். முகமும் கையும் வீங்கி, கண் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் அவர் போட்டோ இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் வருகிறது. இரண்டு மாதத்துக்குமேல் அவருக்கு வெயில் ஆகவில்லை. இன்றைக்கும் 'ஃபோட்டோஃப்ரின்' மருந்து ஏற்றிக்கொண்டவர்களிடம் குறைந்தது 30 நாள் வெயிலில் தலை காட்டாதீர்கள் என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள்.

1970-களில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில், ராஸ்வெல் பார்க் ஆஸ்பத்திரியில் தாமஸ் டோஹர்ட்டி இதை எடுத்துக்கொண்டு மல்லுக்கு நின்று, முறையான வைத்தியமாக்கினார். 1995-ல் உணவுக்குழாய்க் கான்ஸருக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. சரித்திரம் போதும், கணக்குக்கு வருவோம். நான் பி.காம். எனக்குப் பிழைப்பே அதில்தான்.

நீங்களும் காமர்ஸ் என்றால் தேய்மானம் எழுதுகிற இரண்டு முறைகள் ஞாபகம் இருக்கும். நேர்க்கோட்டு முறையில் வருஷத்துக்கு ஆயிரம் ஆயிரமாகக் கழித்து, பத்து வருஷத்தில் மெஷின் மதிப்பை பூஜ்யமாக்கிவிடலாம். இன்னொன்று குறைந்துசெல் மதிப்பு முறை. மிச்சமிருப்பதில் இத்தனை சதவிகிதம் என்று கழிப்பது. இதில் பூஜ்யம் வரவே வராது. முப்பது வருஷம் கழித்தும் அந்த ஓட்டை டைப்ரைட்டர் புத்தகத்தில் 1 ரூபாய் 37 பைசாவாக உட்கார்ந்திருக்கும். ஆடிட்டருக்குத் தலைவலி.

செல்கள் சாவது இந்த இரண்டாவது முறையில்தான்.

ஒரு கன சென்டிமீட்டர் கட்டியில், அதாவது ஒரு சுண்டைக்காய் அளவில், சுமார் 100 கோடி செல்கள் இருக்கும் என்று கணக்கு. 99 சதவிகிதம் காலி என்றால் நாம் கை தட்டுவோம். மிச்சம் ஒரு கோடி. 99.9 சதவிகிதம்? மிச்சம் பத்து லட்சம். ஒரு தவணை வெளிச்சம் பத்தில் ஒன்பதைக் கொல்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்பது தவணை முடிந்தபிறகு ஒரே ஒரு செல் பாக்கி. பத்தாவது தவணைக்குப் பிறகு 0.1 செல்.

0.1 செல்லா? பத்தில் ஒரு பங்கு செல் எங்கேயாவது உண்டா? கிடையாது. இதே வைத்தியம் செய்துகொண்ட பத்துப் பேரில், ஏறக்குறைய ஒருத்தர் உடம்பில் ஒரு செல் மிச்சமிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அந்த ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி... அது கூட்டுவட்டி, உங்களுக்கே தெரியும். ஆராய்ச்சிக்காரர்கள் செல்களின் சாவை லாகரிதத்தில் எழுதுவது பந்தாவுக்கு இல்லை. சதவிகிதத்தில் எழுதினால் 99-க்கும் 99.9-க்கும் வித்தியாசம் தெரியாது. லாகரிதத்தில் அது பத்து மடங்கு. கிளார்க்ஸ் டேபிளை பரீட்சை முடிந்த அன்றைக்கே பழைய பேப்பர்காரருக்குப் போட்டவர்கள் இதை யோசிக்கவும்.

கான்ஸர் ஆஸ்பத்திரி ஒன்றின் வராந்தாவில் ஒரு தடவை உட்கார்ந்திருந்தேன், தெரிந்தவருக்குத் துணையாக. ரேடியேஷன் முறைக்காகக் காத்திருந்த அம்மாளின் மகன், டெக்னீஷியனிடம் மெல்லிய குரலில் கெஞ்சிக்கொண்டிருந்தார். "ஸார், செலவைப் பத்தி யோசிக்காதீங்க. ஃபுல் பவர்ல வச்சு முடிச்சிடுங்க. அம்மாவால தினம் தினம் வரமுடியல." டெக்னீஷியன் பொறுமையான மனுஷர். "அப்படியில்லைங்க, டாக்டர் கணக்குப் போட்டுத்தான் குடுத்திருக்காரு" என்றார். மகன் முகத்தில் நம்பிக்கையே இல்லை. பணம் இல்லாதவன் என்று நினைத்து அளந்து கொடுக்கிறார்கள் என்ற வருத்தம் அவர் கண்ணில் தெரிந்தது. அது வேறு வைத்தியம், கணக்கும் வேறு. ஆனால் 'ஃபுல் பவர்' என்கிற ஆசை எல்லோருக்கும் பொது. விளக்கைக் கூட்டு, சீக்கிரம் முடி, வீட்டுக்குப் போகலாம்.

பி.டி.டி.யில் அந்த ஆசைக்கு வேட்டு வைப்பது ஆக்ஸிஜன் கணக்கு.

ஒரு மாலை இதை நான் ஒரு பேப்பரில் எழுதிப் பார்த்தேன். ஆரம்ப இருப்பு, கூட்டு: ரத்தம் கொண்டுவந்து போட்ட ஆக்ஸிஜன், கழி: செல் மூச்சுவிட்ட செலவு, கழி: வெளிச்சத்தால் ஆன செலவு, இறுதி இருப்பு. அக்கா பையன் பன்னிரண்டாம் வகுப்பு; தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"மாமா, இது டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்."

"போடா, இது ட்ரேடிங் அக்கவுண்ட்."

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா. நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கை முடிக்கிறீங்க. இதுல ஒவ்வொரு விநாடியும், அதுக்குள்ள இன்னும் சின்னச் சின்னதா வெட்டி முடிச்சுக்கிட்டே இருக்கணும். அவ்ளோதான்."

பி.காம். மூன்று வருஷத்தில் எனக்கு எவரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் செய்வதும் அதைத்தான். மருந்துக்கு ஒரு லெட்ஜர், வெளிச்சத்துக்கு ஒன்று, ஆக்ஸிஜனுக்கு ஒன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று கொடுக்கல் வாங்கல். சிங்லெட் ஆக்ஸிஜன் எவ்வளவு உற்பத்தியாச்சு என்பது கடைசி வரி. அதை வைத்து இந்த இடத்துச் செல் பிழைக்குமா, சாகுமா என்று தீர்ப்பு.

ஆக்ஸிஜன் லெட்ஜருக்கு அடிமனை போட்ட ஆசாமிகள் டென்மார்க்காரர்கள். கோபன்ஹேகனில் ஆகஸ்ட் க்ரோக் என்கிற உடலியல் நிபுணர், தசைக்குள் ஓடும் நுண் ரத்தக்குழாய்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குழாயையும் சுற்றி ஒரு உருளை. அந்த உருளைக்குள் இருக்கிற செல்களுக்கெல்லாம் அந்தக் குழாய்தான் படியளக்கிறது என்று வைத்துக்கொண்டார். குழாயை விட்டுத் தள்ளிப் போகப்போக ஆக்ஸிஜன் எப்படிக் குறையும்? இந்தக் கணக்கை அவருக்குப் போட்டுக் கொடுத்தவர் எர்லாங். யார் இந்த எர்லாங்? கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் கணித நிபுணர்! ஊரில் இத்தனை பேர் போன் பேசினால் எத்தனை லைன் போடவேண்டும், எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று கணக்குப் பார்ப்பது அவர் உத்தியோகம். டெலிபோன் நெரிசலை அளக்கிற அலகுக்கே அவர் பெயர்தான். க்ரோக்கின் கட்டுரை 1919-ல் வந்தது. அடுத்த வருஷம் அவருக்கு நோபல் பரிசு. டெலிபோன் கம்பெனிக்காரர் மறுநாள் வழக்கம்போல ஆபீஸ் போயிருப்பார்.

க்ரோக் உருளை எப்படி வேலை செய்கிறது என்பது, தெருக்குழாய்த் தண்ணீரை நம்பிக் குடித்தனம் நடத்தியவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். தலைமாட்டு வீடுகளுக்குத் தண்ணீர் வரும். தெருக்கோடி வீட்டுக்கு வருவது நூல் மாதிரி. சாதாரண நாளிலேயே இந்த லட்சணம். இப்போது எல்லோரும் ஒரே சமயத்தில் மோட்டார் போட்டு உறிஞ்சினால்? முதல் நாலு வீட்டுத் தொட்டி நிரம்பும்; தெருக்கோடியில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

பளீர் வெளிச்சம்தான் அந்த மோட்டார். மருந்து உள்ள இடத்தில் வெளிச்சம் விழ விழ ஆக்ஸிஜன் செலவாகிறது. வெளிச்சம் பலமாக இருந்தால், ரத்தம் கொண்டுவந்து போடுகிற வேகத்தைவிட செலவு வேகம் அதிகம். ரத்தக்குழாய்க்குப் பக்கத்துச் செல்கள் கிடைத்த ஆக்ஸிஜனை வைத்துக்கொண்டு ஒழுங்காகச் செத்துப்போகின்றன. தெருக்கோடிச் செல்களுக்கு ஆக்ஸிஜனே வரவில்லை. ஆக்ஸிஜன் இல்லையென்றால் ரௌடி இல்லை. ரௌடி இல்லையென்றால் அடி இல்லை. தண்ணீர் வராத வீடு தவிக்கும். ஆக்ஸிஜன் வராத இந்த வீடு அதனாலேயே தப்பிக்கிறது. மேலே விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருக்கிறது, உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. நாம் வெளிச்சத்தை அளந்து 'முழு டோஸ் கொடுத்தாயிற்று' என்று டிக் அடித்துவிட்டுப் போகிறோம். நூறு கோடியில் இந்தத் தெருக்கோடிக் கூட்டம் ஒரு சதவிகிதம்தான் என்றாலும் ஒரு கோடி. மறுபடி கிளம்ப அது தாராளம்.

இதை 1991-ல் கணக்கெழுதிக் காட்டியவர் அமெரிக்காவில் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபாஸ்டரும் கூட்டாளிகளும். க்ரோக் உருளையை எடுத்து, அதில் வெளிச்சச் செலவு என்று ஒரு வரி சேர்த்தார்கள். விளக்கைப் போட்டதும் ஆக்ஸிஜன் எட்டும் தூரம் சுருங்குகிறது என்று காகிதத்தில் வந்தது. அப்படியானால் இடைவெளி விட்டுக் கொடுத்துப் பார்ப்போமே என்று, எலிகளில் 30 விநாடி வெளிச்சம், 30 விநாடி இருட்டு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். இருட்டில் ரத்தம் மறுபடி ஸ்டாக் போட்டது. கட்டி மறுபடி வளர எடுத்துக்கொண்ட நாட்கள் கூடின.

பிறகு 1993-ல் ஆய்வகத்தில் வளர்த்த செல் உருண்டைகள். லட்டு மாதிரி உருண்டையாகச் சேர்ந்து வளரும் கான்ஸர் செல்கள், அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். இதில் ரத்தக்குழாயே கிடையாது. ஆக்ஸிஜன் வெளியிலிருந்து ஊறித்தான் உள்ளே போகவேண்டும். அதனால் லட்டுவின் நடுதான் தெருக்கோடி. இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 ஜூல் கொடுக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 200 மில்லிவாட் விளக்கு என்றால் 5 நிமிஷம். 50 மில்லிவாட் என்றால் 20 நிமிஷம். பில் ஒரே தொகைதான், தவணைதான் வேறே. ஃபாஸ்டர் குழு அடித்துப் பார்த்ததில், மொத்த அளவு அதேதான் என்றாலும், வேகம் குறைந்த வெளிச்சத்தில்தான் செல்கள் அதிகம் செத்தன. கணக்கு முன்கூட்டியே சொன்னது சோதனையில் நடந்தது. தேர்தல் கணிப்புக்காரர்கள் கவனிக்க.

'அப்படியானால் அகல்விளக்கு வைத்து ஒரு மண்டலம் காட்டலாமே' என்று யாராவது கடிதம் போடுவீர்கள். முடியாது. செல்லும் சும்மா உட்கார்ந்து அடி வாங்குவதில்லை. சின்ன அடி என்றால் ரிப்பேர் செய்துகொண்டுவிடும். செல்கள் பிழைக்கிற வரைபடத்தைப் போட்டால் முதலில் கொஞ்ச தூரம் சரியாமல் தோள் மாதிரி தட்டையாகப் போகும்; பிறகுதான் சரியும். பாங்கில் ஓவர்டிராஃப்ட் வசதி மாதிரி. லிமிட் வரைக்கும் செக் பாஸாகும். அதைத் தாண்டினால் திரும்பும். வெளிச்சம் ரொம்ப மெதுவாக வந்தால் செல் நடுநடுவே பணம் கட்டி லிமிட்டுக்குள்ளேயே காலம் தள்ளிவிடும்.

இந்த லிமிட் நிஜம்தானா என்று கனடாவில் பாட்டர்ஸன், வில்ஸன், க்ராஃப் என்ற மூவர் 1990-ல் எலியின் ஈரலில் பார்த்தார்கள். வெளிச்சம் உள்ளே போகப்போக படிப்படியாகத்தான் குறைகிறது. (உள்ளங்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், சிவப்பு மட்டும் தெரியும், மற்ற நிறங்களை ரத்தம் விழுங்கிவிடும். சிவப்பும் சில மில்லிமீட்டருக்கு ஒரு தடவை பாதிக்குமேல் காலி.) ஆனால் செத்த இடத்துக்கும் பிழைத்த இடத்துக்கும் நடுவில் கத்தியால் கீறினாற்போல ஒரு எல்லை. வெளிச்சம் சாய்வுப் பலகை, சாவு படிக்கட்டு.

இன்னும் குளறுபடிகள் உண்டு. வேலை செய்யச் செய்ய மருந்தே வெளுத்துப் போகிறது, சாயம்போன வேட்டி மாதிரி. சில மருந்துகள் ரத்தக்குழாயையே அடைத்துவிடும். சப்ளையர் கடையை மூடின பிறகு ஆக்ஸிஜன் எங்கேயிருந்து வரும்? அப்புறம் கட்டிக்குள் இருக்கும் ரத்தக்குழாய்கள் க்ரோக் வரைந்த மாதிரி நேர்க்குழாய்கள் இல்லை. லைசென்ஸ் இல்லாத காண்ட்ராக்டர் போட்டதுபோல கோணலும் முட்டுச்சந்துமாக இருக்கும். அதனால் காகிதக் கணக்கு மட்டும் போதாது என்று, ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் வேறு வழி பிடித்தார்கள். ப்ராஸ்டேட் சுரப்பிக்குள் வெளிச்ச இழைகளைச் செருகி, ஒரு இழை விடும் வெளிச்சம் அடுத்த இழைக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்று அளந்து, வைத்தியம் நடக்க நடக்கவே கம்ப்யூட்டரில் கணக்கைத் திருத்துகிற முறை. வருஷக் கடைசி ஆடிட் இல்லை. கூடவே உட்கார்ந்து கல்லாப்பெட்டியைப் பார்க்கிற ஆடிட்.

நிதானத்தின் கடைசிக் கோடிக்குப் போனவர்களும் கோபன்ஹேகன்காரர்கள்தான். அந்த ஊருக்கும் வெளிச்சத்துக்கும் பூர்வ ஜென்ம பந்தம். தோல் காசநோயை வெளிச்சத்தால் குணப்படுத்தி 1903-ல் நோபல் வாங்கிய ஃபின்ஸென் அங்கேதான் ஆஸ்பத்திரி நடத்தினார். வெயில் பட்டுப் பட்டுத் தோலில் வரும் சொரசொரப்புத் திட்டுகள், பின்னால் கான்ஸராக மாறக்கூடியவை, அவற்றுக்குக் களிம்பு தடவி, மூன்று மணி நேரம் கட்டு போட்டுவைத்து, பிறகு சிவப்பு விளக்கைக் காட்டுவது வழக்கம். வலி தாங்காது. மூன்று மணி நேரம் சேர்த்து வைத்த மருந்து அத்தனையும் சில நிமிஷத்தில் ஒன்றாகத் தீப்பிடித்தால் எப்படியிருக்கும்? அங்கே விக்கெல் என்கிற பெண் டாக்டரும் சகாக்களும் விளக்கையே அணைத்துவிட்டார்கள். களிம்பைத் தடவி அரை மணியில் நோயாளியை வெளியே அனுப்பி, பகல் வெளிச்சத்தில் சுமார் இரண்டரை மணி நேரம் இருக்கச் சொன்னார்கள். மருந்து உடம்பில் உருவாக உருவாக, அப்போதைக்கப்போது செலவு. வரவுக்கேற்ற செலவு, கையில் இருப்பு சேருவதே இல்லை. 2008-ல் வெளியிட்ட முடிவுப்படி திட்டுகள் விளக்கு வைத்தியத்துக்குச் சமமாக மறைந்தன. வலி மட்டும் வெகுவாகக் குறைந்தது.

தடித்த கட்டிகளுக்கு இது ஆகாது, மேல்தோல் திட்டுகளுக்குத்தான். நாமாகப் போய் மொட்டை மாடியில் உட்கார்ந்தால் கறுப்பதைத் தவிர வேறு பலன் கிடையாது. அந்த நோயாளிகளுக்கே களிம்புக்கு முன்னால் வெயில் தடுப்பு க்ரீம் பூசித்தான் அனுப்புகிறார்கள். 10 டிகிரிக்குக் கீழே குளிர் அடித்தாலோ, மழை வந்தாலோ அன்றைக்கு வெளியே வைத்து வைத்தியம் கிடையாது.